மாடியறை டிவி

க்ளெண்டா ராம்ஸ்டன் தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்டவர் அல்ல. இங்கிலாந்தின் பேட்லியில் எங்கள் தெருவே அப்படித்தான். ஓட்டலில் சூப் ஆறிப்போய் வந்தாலும் "ரொம்ப அருமை, நன்றி" என்று சிரித்துவிட்டு, வெளியே வந்து வீடு வரைக்கும் வைதுகொண்டே நடப்பார்கள். இருபத்தாறு வருஷம் அடுத்த வீட்டில் குடியிருந்தும் அந்தப் பழக்கம் என்னிடம் ஒட்டவில்லை. நான் கிண்ணத்தை அங்கேயே திருப்பி அனுப்புகிற ரகம். அதனால்தான் ஏதாவது வம்பு வழக்கு என்றால் க்ளெண்டா எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டுவார்.

போன ஜனவரியில் தட்டியது ஒரு டிவிக்காக.

அந்த டிவியின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அவர் கணவர் நெவிலிடமிருந்து தொடங்க வேண்டும். நெவிலும் நானும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டியவர்கள். சுந்தரம் என்கிற என் பெயரை முதல் நாளே 'சன்னி' என்று சுருக்கியது அவர்தான். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் அவருக்கு நுரையீரல் இறுகிப்போகிற நோய் வந்தது. மூக்கில் குழாய், கட்டில் ஓரத்தில் எந்நேரமும் இரையும் ஆக்சிஜன் இயந்திரம். மாடிப்படி மொத்தம் பதின்மூன்று. அந்த ஜனவரிக்கு முந்தைய செப்டம்பர் வரைக்கும் வாரத்துக்கு இரண்டு நாள் இறங்கிவருவார், ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். உதவி என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் பிடிக்காது. கைப்பிடி பொருத்த வந்த நகர கவுன்சில் ஆட்களுக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார். படியில் ஓடும் நாற்காலி விற்க வந்தவனுக்கு அந்த டீயும் கிடைக்கவில்லை.

அந்தச் செப்டம்பரில்தான் க்ளெண்டா கடைத்தெருவில் ஒரு டிவி வாங்கி, மாடியில் கட்டிலுக்கு எதிரே மாட்டவைத்தார். நானூற்றைம்பது பவுன். சுவரில் துளை போட்டது நான்தான், ஆகவே அன்றைக்கு நடந்த பேச்சுக்கு நானே சாட்சி.

"என்ன இது? ஆஸ்பத்திரி வார்டா, படுத்துக்கிட்டு டிவி பாக்க?" என்றார் நெவில். "நான் கீழ வந்தே பாத்துக்கறேன். திருப்பிக் கொடு."

"உனக்கு யாரு வாங்கினா? மூஞ்சியப் பாரு. எனக்கு வாங்கினேன். நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல நின்னு புள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்ட காலு இது. இனிமே காலை நீட்டிக்கிட்டுத்தான் கேக் செய்யற போட்டி பாப்பேன்."

"உனக்கா?"

"எனக்குத்தான்."

"அப்ப சரி. உனக்குன்னா சரி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் க்ளெண்டா. அவர் கேக் போட்டி பார்த்து நான் கண்டதில்லை. அந்த அறையில் அவருக்கு இருந்தது ஒரு மர நாற்காலி, அதுவும் டிவிக்கு முதுகு காட்டிக் கட்டிலைப் பார்த்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நெவில் மரியாதையாகக் கேட்பார்: "க்ளெண்டா, உனக்கு ஒண்ணும் இல்லேன்னா கொஞ்ச நேரம் ரக்பிக்கு மாத்திக்கட்டுமா?" க்ளெண்டா பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், மாத்திக்கோ. சத்தத்தக் கொறை" என்பார். ஏதோ பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்பது போல. வாரா வாரம் இதே கூத்து.

கிறிஸ்துமஸுக்குள் நெவில் படி இறங்குவது நின்றுபோனது. ஜனவரியில் டிவியின் இடது பாதி இருண்டது. ஒரு வாரத்தில் மீதியும் போய்ச் சத்தம் மட்டும் வந்தது. கடைக்காரரை க்ளெண்டா மூன்று தடவை அழைத்தார். தயாரித்த கம்பெனியைக் கேளுங்கள் என்றார் அவர். நான்காம் தடவை நேரில் போனால் கடை இழுத்து மூடி, கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

அன்றைக்குத்தான் சுவர் தட்டப்பட்டது.

"கிரெடிட் கார்டுல வாங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அப்ப கடைக்காரன் ஓடினா ஓடட்டும். நூறு பவுனுக்கு மேல கார்டுல வாங்கின பொருள் பழுதாப் போச்சுன்னா, கடைக்காரனுக்கு இருக்கற பொறுப்பு கார்டு குடுத்த பேங்குக்கும் இருக்கு. சட்டமே இருக்கு, எழுபத்தஞ்சாம் பிரிவு."

"அவங்கள எதுக்குக் கண்ணு தொந்தரவு பண்ணணும்? அவங்க என்ன பண்ணாங்க, பாவம்!"

பேங்க்கைப் பாவம் என்று சொன்ன ஒரே ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் இன்னொரு டிவி வாங்க அவர் கையில் வழியில்லை. ராப்பகலாக ஓடும் அந்த இயந்திரம் தின்கிற மின்சாரமே மூச்சு முட்ட வைத்தது. கீழே கூடத்தில் இருந்த டிவி பழைய பூதம், அதை மாடியேற்ற நாலு பேர் வேண்டும். நெவிலோ இருண்ட திரைக்கு எதிரே படுத்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் வைத்து யார் ஓடுகிறார்கள் என்று ஊகித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் க்ளெண்டாவுக்குத் தாங்கவில்லை.

கணக்கு நெவில் பெயரில். க்ளெண்டாவிடம் இருந்தது அதே கணக்கில் மனைவிக்கென்று கூடுதலாகக் கொடுத்த கார்டு. ஆகவே எதைப் பேசுவதானாலும் நெவில் பக்கத்தில் இருந்து சரி சொல்ல வேண்டும். மாடியறையில் மூவரும் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டோம். அதைப் போடச் சொன்ன புத்திசாலி நான்தான். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று நாற்பது நிமிஷம் பாட்டுப் பாடினார்கள். டீ ஆறியது, வேறு போட்டோம், அதுவும் ஆறியது.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். நெவிலின் பிறந்த தேதி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் கேட்டாள். ரசீதையும், திரை இருண்டதைப் படம் பிடித்ததையும் அனுப்பச் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

"கார்டைத் தேச்சது நீங்களா, மேடம்?"

"ஆமாம்மா."

"டிவி யாரோட உபயோகத்துக்கு வாங்கினது?"

க்ளெண்டா நெவிலைப் பார்த்தார். நெவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"எனக்குத்தான்" என்றார் க்ளெண்டா. "சும்மா ஒரு ஆசைதான். அவசரம் ஒண்ணுமில்லம்மா, உங்க வேலையெல்லாம் முடிச்சிட்டு மெதுவாப் பாருங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர்களும் மெதுவாகத்தான் பார்த்தார்கள். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கூடுதல் கார்டு வைத்திருப்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள், கணக்கு வைத்திருப்பவருக்கும் கடைக்கும் இடையே தொடர்பு இல்லை, வருந்துகிறோம். அதாவது அந்த டிவி நெவிலுக்காக வாங்கியது என்றால் பணம் உண்டு. க்ளெண்டா தனக்காக வாங்கியது என்றால் ஒரு காசு கிடையாது.

அவர் வீட்டுச் சமையலறையில் கடிதத்தை மேசைமேல் போட்டுவிட்டுக் கத்தினேன். "உண்மையச் சொல்லியிருந்தா பணம் வந்திருக்கும்! அந்த டிவி யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? சுவத்துல ஓட்டை போட்டவன் நான்!"

"மெதுவாப் பேசு, மேல கேக்கும்." கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். "ஆகஸ்டுல டாக்டரப் பாத்தோம். எவ்வளவு நாள்னு நெவில் கேக்கல. கோட்டு எடுக்க மறந்துட்டேன்னு நான் மட்டும் திரும்பப் போய்க் கேட்டேன். அடுத்த வெயில் காலம் முழுசாப் பாக்கறது கஷ்டம்னாங்க. படி எறங்கறது அதுக்கு முன்னாடியே நின்னுரும்னாங்க. மறுவாரம் டிவி வாங்கினேன். இப்ப அவனுக்கு முன்னாடி எப்படிச் சொல்றது? நீ இனிமே கீழ வரமாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும், அதான் வாங்கினேன்னு சொல்லணுமா? நானூத்தைம்பது பவுனுக்கா?"

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது.

"கடிதமா எழுதலாமே?" என்றேன்.

"பதில் அவன் பேருக்கு வரும். அவனே பிரிப்பான்."

ஆனாலும் நான் சும்மா இருக்கிற ஆளா? முடிவை ஏற்கவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று ஒரு புகார் எழுதினேன். யாருக்கு வாங்கியது என்பதைத் தொடவே கூடாது என்று க்ளெண்டா சத்தியம் வாங்கியிருந்தார். உப்பில்லாத கஞ்சி போல ஒரு கடிதம். நெவில் அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தடவை பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை, புகார்ப் பிரிவிலிருந்து டோனா என்பவர் அழைத்தார். நான் மாடியில் நெவிலுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மட்டும் என்னை விடுவார், டிப்போ ஆள் என்பதால். க்ளெண்டா போனைக் கொண்டுவந்து போர்வைமேல் வைத்தார்.

"மிஸ்டர் ராம்ஸ்டன், கணக்கு உங்க பேர்ல இருக்கறதால உங்க வாயாலயே கேக்கணும்" என்றார் டோனா. "டிவியத் தன் உபயோகத்துக்கு வாங்கினேன்னு உங்க மனைவி சொல்லியிருக்காங்க. அது சரிதானா?"

"சரிதாம்மா, நான்தான் சொன்னேனே..." என்று க்ளெண்டா குறுக்கே வந்தார்.

நெவில் கையைத் தூக்கினார். ஒரு கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை இருந்தது. நாலு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கித்தான் அவரால் பேச முடிந்தது.

"அவ பொய் சொல்லியிருக்காம்மா. எனக்குத்தான் வாங்கினா. என்னால இனிமே படி எறங்க முடியாதுன்னு அவளுக்கு அப்பவே தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா." மூச்சு வாங்கினார். "கோட்டு எடுக்கறேன்னு திரும்பப் போனா. அன்னிக்கு அவ கோட்டே போட்டுட்டுப் போகல. ஆகஸ்டு மாசம்."

க்ளெண்டா மர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்றார் நெவில். "கேக் போட்டின்னா அவளுக்கு ஆகவே ஆகாது. டிவிக்கு முதுகக் காட்டிக்கிட்டு யாராவது டிவி பாப்பாங்களா? அதையும் எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு டோனா, "எழுதிக்கிட்டேன், சார்" என்றார். குரல் மாறியிருந்தது. "இதுக்கு மேல நீங்க எதுவும் அனுப்ப வேண்டாம்."

அழைப்பு முடிந்தது. நான் கத்தியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தேன், அதற்கு மேல் அலச அதில் ஒன்றுமில்லை.

"எட்டு மாசமா வாயத் தொறக்காம இருந்தியே" என்றார் க்ளெண்டா.

"நீ மட்டும்?"

"நீ கேக்கல."

"கேட்டா நீ அழுவே." நெவில் கன்னத்து நுரையைத் தானே துடைத்துக்கொண்டார். "பணம் வந்தா இங்க மாட்டாதே. கீழ, கூடத்துல வை. அந்தப் பூதத்தத் தூக்கி எறி. நல்ல மெத்தை நாற்காலியா போட்டு, டிவியப் பாத்து உக்காரு. இந்தத் தடவை நெசமாவே உனக்கு வாங்கு."

"எனக்கு எதுக்கு டிவி? இங்க உனக்கு..."

"எனக்குச் சத்தம் போதும். பழகிடுச்சு."

க்ளெண்டா அழுதார். நான் தண்ணீர் மாற்றுகிறேன் என்று கீழே போய்விட்டேன்.

மே முதல் வாரம் முழுப் பணமும் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று கடிதம் வந்தது. நெவிலே பிரித்துப் படித்தார். அன்றைக்கே இன்னொரு டிவி வாங்கி மாடியில் மாட்டலாம் என்று க்ளெண்டா கெஞ்சிப் பார்த்தார், அவர் அசையவில்லை. மாட்டினால் சுவரோடு பெயர்த்துப் போடுவேன் என்றார், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத மனிதர். நான் என் பழைய ரேடியோவைக் கொண்டுபோய் வைத்தேன், அதை மட்டும் அனுமதித்தார். ஜூன் பதினெட்டாம் தேதி, ரேடியோவில் ஓடிய ரக்பி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவர் போனார். க்ளெண்டா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரேடியோவை நிறுத்த எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரமே க்ளெண்டாவின் கார்டு செல்லாமல் போனது. கணக்கு நெவில் பெயரில் அல்லவா? கடிதத்தில் மறுபடியும் வருந்தியிருந்தார்கள். அவர் கத்தரிக்கோலால் கார்டை இரண்டாக வெட்டி ஒரு கவரில் போட்டு வைத்தார். யாரோடும் சண்டை போடவில்லை, எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

செப்டம்பரில் லீட்ஸில் ஒரு பெரிய கடைக்கு அவரைக் காரில் கூட்டிப்போனேன். இரண்டு நிமிஷத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார், முன்பு வாங்கிய அதே அளவு. கல்லாவில் இருந்த பெண் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"வாரண்டி யார் பேருக்கு எழுதணும், மேடம்? வீட்ல யாருக்காவது வாங்கறீங்களா?"

க்ளெண்டா பையை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"என் பேருக்கு எழுதும்மா" என்றார். "எனக்குத்தான்."