ஓட்டை இல்லாத கோழி

அடெரிட்டு என் தலைமேலிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பறிமுதல் செய்தபோது நான் அவனுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். நிதானமாகக் குடித்து முடித்தான். வாயைத் துடைத்தான். கண்ணாடி போலி என்று ரசீது எழுதிக் கொடுத்தான். காப்பி நன்றாக இருந்தது என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுவாரமே சந்தையில் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிட்டேன். அவன் தலை தெரிந்தால் மாவு டப்பாவுக்குள் போட்டுவிடுவேன்.

அவன் வேலை அது. போர்ச்சுகலின் வடக்குக் கரையில் எங்கள் தேவாலயப் பங்கைச் சுற்றி வாரத்துக்கு ஆறு சந்தை கூடும். ஆறிலும் போலி மார்க் சாமான்களைப் பிடிக்கிற ஆய்வாளன் அவன். விற்கிறவனைப் பிடித்தால் போதும், போட்டுக்கொண்டு திரிகிறவனை விட்டுவிடு என்று அவனுடைய மேலதிகாரியே சொல்லிப் பார்த்தார். இவன் விட்டால்தானே. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தவன். துக்க வீட்டில் விதவையின் கைப்பையை முகர்ந்துவிட்டு, "தோல் அசல்தான், ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றவன்.

இப்பேர்ப்பட்டவனுக்கும் ஓர் ஆசை இருந்தது. ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி, புனித பார்த்தலோமேயு திருவிழாவில் சப்பரம் தூக்கவேண்டும். எட்டுப் பேர் சுமக்கிற சப்பரம். முன்பக்கம் இடது தண்டை அவன் அப்பா முப்பது வருஷம் சுமந்தார். அவர் போன பிறகு அந்த இடம் மகனுக்கு வந்திருக்கவேண்டும். வராமல் போனதற்குக் காரணம் மகனேதான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் சப்பரம் தூக்குகிற எட்டுப் பேரும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சந்தையில் ஆமைச் சட்டை வாங்கிப் போட்டிருந்தார்கள். நெஞ்சில் சின்னதாக ஒரு பச்சை ஆமை. பாரிஸ் கம்பெனி ஒன்றின் மார்க். கம்பெனி ஆமைக்கு நாலு கால். இவர்களுடைய ஆமைக்கு மூன்றுதான் இருந்தது. அடெரிட்டு நடுத்தெருவில் பவனியை மறித்தான். புனிதரை இறக்கிக் கீழே வைக்கச் சொன்னான். எட்டுச் சட்டைகளையும் கழற்றி வாங்கிக்கொண்டு எட்டு ரசீது கொடுத்தான். எல்லோரும் பனியனோடு கோயில் போய்ச் சேர்ந்தார்கள். பெலர்மீனோவின் பனியனில் முதுகு நீளத்துக்குக் கிழிசல். அதைப் பார்க்காதவர்கள் எங்கள் பங்கில் கிடையாது.

அந்தப் பெலர்மீனோதான் திருவிழாக் கமிட்டித் தலைவர். சப்பரத்துக்கு ஆள் சேர்ப்பவரும் அவரே. ஒவ்வொரு ஜூலையிலும் அடெரிட்டு என் காப்பிக் கடைக்கு வந்து அவர் உட்கார்ந்திருக்கும் மேஜைமுன் நிற்பான்.

"அண்ணே, இந்த வருஷமாவது..."

"உன் தோள் ஒசரம் ஒத்து வரல தம்பி."

"எங்கப்பா தோளும் இதே ஒசரந்தாண்ணே."

"அவருக்குத் தோளு இருந்துச்சு. உனக்கு ரசீதுப் புஸ்தகம்தான இருக்கு."

தலையைக் குனிந்துகொண்டு போவான். போகிற வழியில் யாராவது ஒருவருடைய செருப்பைக் கழற்ற வைப்பான்.

போன நவம்பரில் துறைமுகத்தில் நானூறு ஆமைச் சட்டைகள் பிடிபட்டன. எல்லாம் மூன்று கால் ஆமைகள். வழக்கமாக எரித்துவிடுவார்கள். இந்த முறை ஆமை எங்கும் தெரியாமல் எடுத்துவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. அடெரிட்டு அலையாய் அலைந்து, கடிதமாய் எழுதி, நானூறையும் எங்கள் பங்குக்கு வாங்கி வந்துவிட்டான். பெண் பார்க்க வந்தவனைப் போல வேன் பக்கத்தில் கூச்சத்தோடு நின்றான்.

"ஏழைங்க யாரு?" என்றார் பெலர்மீனோ.

"இன்னிக்கி நாமதான்" என்றார் பங்குச் சாமியார்.

கோயில் கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து ஆமையைப் பிரித்தோம். மெஷின் தையல், விடாப்பிடியாக இருந்தது. நூலை இழுத்தால் துணியும் சேர்ந்து வந்தது. கடைசியில் ஒவ்வொரு சட்டையிலும் ஆமை போன இடத்தில் ஆமை வடிவத்திலேயே ஓர் ஓட்டை. அடெரிட்டு அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"வடிவமும் மார்க்குதான் சுல்மீராக்கா. இதையும் மறைக்கணும்."

"உன் வாயையும் சேத்துத் தச்சிடுறோம், இரு" என்றேன்.

எங்கள் புனிதருக்குக் கருங்கோழிதான் காணிக்கை. பயந்த பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுத்துக் கோயிலைச் சுற்ற வைத்தால் பயம் தெளியும். அதனால் கறுப்புத் துணியில் கோழி வெட்டி ஓட்டைமேல் வைத்துத் தைத்தோம். அச்சு வெட்டியது நான். அளவு கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆமையின் வால் இருந்த இடம் மட்டும் மூடாமல், கோழியின் வாலுக்குக் கீழே சின்ன ஓட்டையாக நின்றது. கோழிக்கு எங்கே ஓட்டை இருக்கவேண்டுமோ சரியாக அங்கேதான் இருந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடெரிட்டு மட்டும் சிரிக்கவில்லை.

"சாமி, இந்த மார்க்கப் பதிவு பண்ணிடுவோம். இல்லாட்டி எவனாவது திருடிருவான்."

"கோழியவா?" என்றார் சாமியார்.

"கோழி மார்க்க, சாமி."

விண்ணப்பத்தை அவனே எழுதினான். அசலுக்கு அடையாளம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில், 'வாலுக்குக் கீழே ஒரு துளை' என்று அழகான கையெழுத்தில் எழுதினான். மார்க்கும் அப்படியே பதிவாகிவிட்டது.

ஜூலையில் பெலர்மீனோ அவனைக் கூப்பிட்டனுப்பினார். "முன்னால எடப் பக்கம். கோழிச் சட்டை போட்டாத்தான் எடம், சொல்லிட்டேன். ரசீதுப் புஸ்தகத்த வீட்ல வச்சிட்டு வா." அடெரிட்டு என் கடையில் உட்கார்ந்து அழுதான். கண்ணைத் துடைக்க ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தேன். துடைப்பதற்கு முன்னால் அதன் மூலையில் இருந்த மார்க்கைப் பார்த்துக்கொண்டான்.

திருவிழா வந்தது. சப்பரம் கோயில் வாசலில் தயாராக நின்றது. அடெரிட்டு சட்டை மடிப்புக் கலையாமல் மனைவி இடலினாவோடு வந்தான். அவனைப் பார்க்கவென்று நானும் கடையை விட்டு வெளியே வந்து நின்றேன். கோயிலுக்கு எதிர்ச் சந்தையில் ஒரு கடைக்காரி கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். முழுக்கக் கோழிச் சட்டைகள். அடெரிட்டுவின் கால் தானாக அங்கே திரும்பியது. ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"போலி" என்றான்.

"எதுங்கய்யா போலி? தையல் பாருங்க, எவ்வளவு நேர்த்தி" என்றாள் கடைக்காரி.

"அதான் போலிங்கிறேன். அசலுக்கு வாலுக்குக் கீழ ஓட்டை இருக்கும்."

அவள் இவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா? உங்களுதுல காணோமே."

அடெரிட்டு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். கோழி கச்சிதமாக இருந்தது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"நேத்து வெந்நீர்ல போட்டேன், சுருங்கிப்போச்சுங்க" என்றாள் இடலினா. "பொம்மைக்குத்தான் ஆகும். அதான் காலையில இங்க ஒண்ணு எடுத்தேன். ஓட்டைகூட இல்ல, நல்லா இருக்கேன்னு பாத்தேன்."

வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. பெலர்மீனோ கையைக் காட்டிக் கூப்பிட்டார். சட்டை இல்லாவிட்டால் இடம் இல்லை. பதினாலு வருஷம் காத்திருந்தவன் முகம் வெளுத்துப் போய் நிற்பதைப் பார்த்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே பாவமாகிவிட்டது.

"விடுடா. தெரிஞ்சது நாம நாலு பேருக்குத்தான். கையால மறச்சுக்கிட்டுப் போய்த் தூக்கு."

"நான் பாத்துட்டேனேக்கா" என்றான்.

ரசீதுப் புத்தகம் வீட்டில் இருந்தது. என்னிடம் காகிதக் கைக்குட்டை கேட்டு வாங்கி அதிலேயே ரசீது எழுதினான். குற்றவாளி, அடெரிட்டு. பிடித்த அதிகாரி, அடெரிட்டு. இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டான். குற்றவாளி ஒத்துழைப்புக் கொடுத்தார் என்றும் எழுதினான். சட்டையைக் கழற்றி மடித்து, பனியனோடு வாசலுக்கு நடந்தான். இடலினா அழுதுகொண்டே பின்னால் போனாள். நானும் போனேன்.

"அண்ணே, வேற ஆளப் போட்டுக்குங்க. என் சட்டை போலி."

பெலர்மீனோ கைக்குட்டையை வாங்கிப் படித்தார். ஒத்துழைப்பு என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தார். பிறகு குனிந்து தன் கோழியைப் பார்த்தார். அங்கேயும் ஓட்டை இல்லை.

"அந்த ஓட்டை வழியா காத்து பூந்து இருமலு வந்துருச்சு" என்று முனகினார். "அதான் நானும் வேற ஒண்ணு வாங்கினேன்."

மற்ற ஆறு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒருவன் நெஞ்சின்மேல் கை கட்டிக்கொண்டான். அடெரிட்டு ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பெலர்மீனோதான் முதலில் சட்டையைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் கழற்றினார்கள். எட்டுப் பேரும் பனியனோடு நின்றார்கள். பெலர்மீனோவின் பனியன் மட்டும் பளபளவென்று புதுசாக இருந்தது.

"பதினாலு வருஷமா திருவிழாவுக்குப் புதுப் பனியன்தான் போடுறேன்" என்றார். "உன்ன நம்ப முடியாது பாரு."

"தோள் ஒசரம்ணே?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. தூக்கு."

தூக்கினான். முன்னால், இடது பக்கம், அப்பாவின் தண்டு. புனிதர் ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்தார். அடெரிட்டுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க இரண்டு கையும் சும்மா இல்லை. என் கண்ணும் நிறைந்துவிட்டது. அப்போதுதான் சப்பரம் என்னைக் கடந்தது. அவன் என் தலையைப் பார்த்தான். மாவு டப்பாவை நான் அடியோடு மறந்திருந்தேன்.

நடை தப்பாமல், உதட்டோரமாகச் சொன்னான்: "அக்கா, அதக் கழட்டிக் கையில வச்சிருங்க. சாமிய எறக்கிட்டு வந்துர்றேன்."

பவனி திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். கடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது, மாவு டப்பாவும் அங்கேதான் இருந்தது. நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.