தண்ணீர் என்று மொழிபெயர்த்தேன்

போன கோடை விடுமுறையில் எங்கள் சபைப் பாஸ்டர் என்னை மொழிபெயர்ப்புக்குக் கூப்பிட்டார். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி எங்கள் சபை ஒரு பெண் பிள்ளைகள் இல்லம் நடத்துகிறது. அங்கே ஊழியம் செய்ய வெளிநாட்டுச் சபையிலிருந்து ஒரு குழு வருகிறது, அவர்கள் பேச்சு பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பேச்சு அவர்களுக்கும் புரிய வேண்டும், உங்களை விட்டால் ஆள் இல்லை டீச்சர் என்றார். விடைத்தாள் திருத்திய அலுப்பு இன்னும் போகவில்லை. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் கல்பாக்கம் பஸ்ஸில் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி இறங்கியபோதே வேர்த்து ஊற்றியது. முகம் கழுவலாம் என்று இல்லத்துக் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வார்டன் அக்கா ஓடிவந்து குழாயை மூடினார்.

"அதுல வராது டீச்சர். போர் மோட்டார் காயில் எரிஞ்சிப் போச்சு. லாரித் தண்ணி வாங்கி மாடி டேங்க்ல ஏத்திகினு கீறோம். அது வந்தவங்களுக்கு மட்டுந்தான்."

"பிள்ளைங்க?"

அவர் பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய அடிபம்பு. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அந்தப் பம்பு என்ன தண்ணீர் தரும்? வாயில் வைத்தால் உப்பு, உடம்பில் ஊற்றினால் பிசுபிசுப்பு. குடிக்கக் கேன் தண்ணீர் இருந்தது. குளிக்க, துவைக்க, பிள்ளைகளுக்கு இதுதான். காலையில் வாளியோடு வரிசையாக நின்றிருந்தார்கள்.

பாஸ்டரிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "மோட்டார் விஷயம் விருந்தாளிகள் காதுக்குப் போக வேண்டாம் டீச்சர். அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், மனசு கஷ்டப்படுவார்கள். அவர்கள் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்."

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கிடார் வாசிக்கும் நெட்டையான இளைஞர் ஒருவர் குழுவுக்குத் தலைவர். கைப்பொம்மைகளை வைத்து வேதாகமக் கதை சொல்லும் வெள்ளைத்தலை அம்மா ஒருவர். மற்றவர்கள் கல்லூரி வயதுப் பிள்ளைகள். எல்லோரும் முகம் நிறையச் சிரிப்பார்கள். மதியம் கடலில் குளித்துவிட்டு வருவார்கள், உடம்பெல்லாம் மணல். ஆளுக்கொரு முறை ஷவரில் நிற்பார்கள். மாலையில் வேர்த்துவிட்டது என்று இன்னொரு முறை. குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கும். காலையில் பிள்ளைகள் பம்பு அடிப்பதை அவர்கள் போட்டோ எடுத்தார்கள். எவ்வளவு அழகு என்றார் ஒரு பெண். அதை நான் பிள்ளைகளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பொம்மைக்கார அம்மாவுக்கு ஒரு சிறுமியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏழாம் வகுப்பு முடித்தவள். பக்கத்துக் குப்பத்துப் பிள்ளை. அவளைப் பெற்ற அம்மா சென்னையில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறார், அதனால் இவள் இங்கே. வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் பொம்மைக்கார அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தோளை அணைத்துக்கொண்டபோது, அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மிஸ், இவுங்கல்லாம் எப்போ ஊருக்குப் போவாங்கோ?"

"ஏன்டி?"

"தலைக்கு ஊத்திகினு எத்தினி நாளாச்சு தெரியுமா? மண்ட அரிக்குது. பம்புத் தண்ணில ஊத்தினா முடி தேங்கா நாராட்டம் ஆயிடுது."

அந்த அம்மா ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பின்னால் நின்ற பாஸ்டர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்: "நீங்கள் எப்போதும் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறாள்." அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. சிறுமியை இன்னும் இறுக்கி அணைத்தார். சிறுமி என்னையே பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, சொன்னது போய்ச் சேரவில்லை என்பது தெரியாதா?

அன்று திரும்பி வரும் பஸ் முழுக்க எனக்குள் புகைந்துகொண்டே வந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பாஸ்டரையா, நாலு நாளாக வாளி வரிசையைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்காத அவர்களையா, நடுவில் நின்று தலையாட்டும் என்னையா?

அதற்கு அடுத்த நாள் மாலை ஜெபக்கூட்டம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். உங்களுக்காக நாங்கள் எதற்கு ஜெபிக்க வேண்டும், ஒவ்வொருவரும் சொல்லுங்கள் என்று கிடார் இளைஞர் கேட்டார். ஒருத்தி பரீட்சை என்றாள், இன்னொருத்தி தம்பிக்குக் காய்ச்சல் என்றாள். அந்தச் சிறுமியின் முறை வந்தது.

"தண்ணி."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் தண்ணீர் என்று மொழிபெயர்த்தேன். அது ஒற்றைச் சொல். அதில் ஏமாற்ற இடமில்லை.

எல்லோரும் உருகிப்போனார்கள். கைகோத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். இளைஞர் ஜெபித்தார். இந்த வறண்ட தேசத்தின் மேல் மழையைப் பொழிந்தருளும், தாகத்தோடு இருக்கிற இந்தச் சின்னப் பிள்ளைகளை நினைத்தருளும் என்று நெஞ்சுருகக் கேட்டார். வரிவரியாக நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மழை என்ற இடத்தில் சிறுமி கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மிஸ், மழல்லாம் வேணாம் மிஸ். மோட்டார ரிப்பேர் பண்ணா போதும்னு சொல்லுங்கோ."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஜெபம் நின்றது. நான் ஒரு சொல் விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த மோட்டார் என்று இளைஞர் கேட்டார். அதையும் சொன்னேன். மாடி டேங்க் யாருக்கு நிரம்புகிறது, பம்பில் என்ன தண்ணீர் வருகிறது, எல்லாம். பாஸ்டர் எழுந்து, சின்ன விஷயம், ஏற்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது என்று ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை.

பொம்மைக்கார அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "தினமும் என் பக்கத்திலேயேதானே நின்றீர்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று என்னிடம் கேட்டார். சொல்ல வேண்டாம் என்றார்கள் என்றேன். அந்தப் பதில் என் வாயிலேயே கசந்தது. நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்க நாக்குத் துடித்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை குழு பெட்டி படுக்கையோடு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டது. பகலில் மட்டும் வேனில் வந்து போனார்கள். மாடி டேங்க் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அந்தக் குழு இந்த ஊருக்குச் செய்த பெரிய உதவி, இடத்தைக் காலி செய்ததுதான். விஷயம் வெளியே வந்துவிட்டதால் பாஸ்டரும் திருப்போரூரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மோட்டாரை மேலே இழுத்து, காயில் சுற்றி, திரும்ப இறக்கினார்கள். அந்த வாரமே தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் முடியாமல் இருந்த வேலை இதுதான்!

கடைசி நாட்களில் அந்த அம்மா பொம்மைகளை வெளியே எடுக்கவில்லை. தேங்காய் எண்ணெயும் சீப்பும் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சிறுமியும் தலையைக் கொடுத்தாள். "வலிக்குது, மெதுவா இழுக்கச் சொல்லுங்க மிஸ்" என்றாள். சொன்னேன். அவர் மெதுவாக இழுத்தார். அத்தனை நாளில் நான் திருப்தியாக மொழிபெயர்த்த வாக்கியம் அது ஒன்றுதான்.

"விருந்தாளிகள் முன்னால் சபை மானத்தை வாங்கிவிட்டீர்கள் டீச்சர்" என்றார் பாஸ்டர். இந்த வருஷம் வேறொரு குழு வந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. பொத்தேரியில் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் மொழிபெயர்த்தாராம். மனசு கேட்காமல் வார்டன் அக்காவுக்கு போன் செய்தேன். அந்தச் சிறுமி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மிஸ், இந்த அண்ணன் நாங்க சொல்றதுல பாதிதான் சொல்றாரு. எங்களுக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கோ, நாங்களே பேசிக்கிறோம்."

சனிக்கிழமைகளில் வந்து வகுப்பு எடுக்கட்டுமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.