ஏணியோடு வந்த சிவபாலன் அண்ணை

துவக்கு, அதுதான் துப்பாக்கி, திருத்துகிறவனுக்கு வெடியால் வருகிற ஆபத்தைவிட வாயால் வருகிற ஆபத்துத்தான் அதிகம். அதுவும் சொந்த வாயால். மெசின் எதையாவது திருத்திக் கொடுத்துவிட்டு, "இனிப் பழுதாகாது" என்று சொல்லி மாட்டுப்பட்ட சகோதரங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மிசிசாகாக் கிழவர்

ஒன்ராறியோவில் நான் வைத்திருக்கிற துவக்குக் கடைக்கு மிசிசாகா ஊரில் இருந்து வந்த கிழவரிடம் விற்க ஒரு பழைய துவக்கு இருந்தது. முயல் வேட்டைக்கானது. ஒருமுறை சுட்டால் வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோதைத் தானே வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்ற வேண்டும். இது எறியாது. கோது உள்ளேயே இறுகிக் கிடக்கும்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். வருத்தக்காரத் துவக்கென்றால் விலையை அடிக்கலாம். சென் ஜேம்ஸ் ரவுணில் பழைய தையல் மெசின் வாங்கி விற்று, ஏச்சும் பேச்சும் கேட்டுப் படித்த பேரம் இது. மூஞ்சியைச் சுளித்தேன், தலையை ஆட்டினேன், இரண்டு தரம் "வேண்டாம்" என்றேன். மூன்றாம் தரம் கிழவர் இறங்கினார். லைசென்ஸ் அலுவல்கள் முடிந்து போகும்போது அவர் முகத்தில் என்னைவிடப் பெரிய சிரிப்பு. கதவடியில் நின்று இங்கிலிசில் சொன்னதன் சாரம் இதுதான்: "இருபது வருசமாய் அது என்னோடை சண்டை பிடிச்சது. இனி உன்ரை முறை."

போர்டு மேல் சத்தியம்

கோதைப் பிடித்து இழுக்கிற கொக்கி தேய்ந்து மழுங்கியிருந்தது. புதுசு ஒன்றை அராவிப் போட்டேன். தோட்டா நிற்கிற அறையில் பழங்காலத்துக் கரி, தேய்த்துக் கழுவினேன். சுட்டுப் பார்த்தால் கோதுகள் பொரி மாதிரிப் பறந்தன.

அதை வாங்கியவர் அஜக்ஸ் ஊர்ச் சிவபாலன் அண்ணை. பென்சன் எடுத்து, லைசென்சும் எடுத்து, பழைய பக்டரிச் சிநேகிதர்களான மூன்று வெள்ளைக்காரரோடு முதல்முதல் முயல் வேட்டைக்குப் போகிறார். "அவங்களுக்கு முன்னாலை மானம் போகக்கூடாது தம்பி" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "கோது இறுகினால் கடைப் போர்டைக் கழட்டிறன் அண்ணை!"

கவுண்டரில் இருந்த என் மனிசி வசந்தி நிமிராமலே கேட்டாள்: "ஏறிக் கழட்ட எங்களிட்டை ஏணி இருக்கோ?"

மானம் போன சனிக்கிழமை

அடுத்த கிழமையே அண்ணை வந்தார். முதல் வெடி வெடித்ததாம். கோது வரவில்லையாம். பேனாக்கத்தியால் கிண்டி எடுத்து முடிய, முயல் ஒன்ராறியோவையே தாண்டியிருக்கும். வெள்ளைக்காரர் மூவரும் பனிக்குள் இருந்து சிரித்தார்களாம்.

துவக்கைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. "இப்பிடி ஆசையாய் வைச்சிருக்கிற கஸ்டமரை நான் காணேல்லை" என்று நானே புகழ்ந்தேன். கடையின் சுட்டுப்பார்க்கிற அறையில் இருபது வெடி சுட்டேன், இருபது கோதும் பறந்தன! ஆனாலும் கொக்கியின் ஸ்பிரிங்கை மாற்றி, எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தேன்.

மற்றக் கிழமையும் அதே கதை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "எங்கையோ மலிவுக் கடையிலை குப்பை வெடி வாங்கியிருப்பியள்! வெடியைப் பார்த்து வாங்கத் தெரியாதோ?" என்று கத்தினேன்.

அண்ணை அமைதியாய்ச் சொன்னார்: "வெடியும் நீர் தந்ததுதான், தம்பி."

ஏணி

மூன்றாம் முறை வேட்டை முடிந்து அண்ணை தன் வீட்டுக்குப் போகவில்லை. காட்டில் இருந்து நேரே கடைக்கு வந்தார். ஒரு கையில் துவக்குப் பெட்டி, மறு கையில், காலையிலேயே காரில் ஏற்றிப் போன ஏணி. நேராய் ஏணியைச் சுவரில் சாத்தினார். வசந்தி சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள்.

துவக்கு ஐஸ்கட்டி மாதிரிக் குளிர்ந்திருந்தது. திறந்தேன். கொக்கியைச் சுற்றி வெள்ளையாய், மெழுகுபோல் ஏதோ உறைந்து கிடந்தது. கொக்கி அசைய வழியே இல்லை. நகத்தால் சுரண்டினேன். என் மூக்குக்குக் துவக்குக் கழுவுகிற எண்ணெயின் மணத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வசந்தி வந்து ஒருதரம் முகர்ந்தாள். "இஞ்சருங்கோ, உது தேங்காயெண்ணெய்."

நான் அண்ணையைப் பார்த்தேன். சூடான என் கடையில் அது உருகிப் பளபளத்திருக்கிறது, பனிக்காட்டில் கட்டிபட்டிருக்கிறது. நான் கழுவக் கழுவ மனிசன் வீட்டில் திரும்பப் பூசியிருக்கிறார். அதைத்தான் நானும் புகழ்ந்திருக்கிறேன்!

"துவக்கோடை நான் தந்த துவக்கெண்ணெய் எங்கை அண்ணை?"

"அந்த நாத்தத்தை வீட்டிலை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை. உது சுத்தமான எண்ணெய். தலைக்கே வைக்கிறம், துவக்குக்கு வைக்கக்கூடாதோ?"

ஐந்து கோதுகள்

துடைத்துக் கழுவி, குளிரில் உறையாத எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கார் ட்ரங்கில் இரவு முழுக்க விறைக்க வைத்து, அடுத்த நாள் சுட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அண்ணை வந்தார். காட்டில் தானாய்ப் பறந்து விழுந்த ஐந்து வெற்றுக் கோதுகளைச் சட்டைப்பைக்குள் இருந்து எடுத்துக் கவுண்டரில் வரிசையாய் நிறுத்தினார். பிறகு ஒரு சட்டி முயல் கறி. வெள்ளைக்காரர் மூவரும் உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றார்களாம்.

"அண்ணை, ஏணியைக் கொண்டு போங்கோ" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. உம்மடை வாய் இன்னும் உம்மிட்டைத்தானே இருக்கு."

போர்டு இன்னும் மேலேதான் இருக்கிறது. ஆனால் நான் யாருக்காவது உத்தரவாதம் கொடுக்க வாயைத் திறந்தால் போதும், வசந்தி அந்த ஏணியை மெல்லத் தட்டிச் சத்தம் வைக்கிறாள்.