பிரிட்ஜ் கதவில் ஒன்பதாவது வரி

கூடைப்பந்து எனக்குத் தடுப்பு முகாமில்தான் பழக்கமானது. படகில் வந்த எங்களை அடைத்து வைத்திருந்த இடத்தில், சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு டிவி இருந்தது. அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டம் இங்கே காலையில் வரும். காலையில் எங்களுக்கு வேறு என்ன வேலை? கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாமல் உள்ளே போனவர்கள், கூடைப்பந்துப் பைத்தியங்களாக வெளியே வந்தோம்.

வெளியே வந்து லிட்கம் என்ற புறநகரில் ஒரு வீடு எடுத்து ஐந்து பேர் சேர்ந்து இருந்தோம். எல்லோருக்கும் ஒரே குளிர்களஞ்சியத்தில் மதிய ஷிப்ட். காலை நேரம் எங்கள் கையில் இருந்ததால் பைத்தியமும் எங்களோடேயே இருந்தது.

சித்திரை மாதத்தில் பிளேஓஃப் தொடங்கும். முதல் சுற்றில் இரண்டு பிரிவிலும் சேர்த்துப் பதினாறு அணிகள், எட்டுச் சோடிகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலாம் இடத்து அணிக்கு எட்டாம் இடத்து அணி, இரண்டாம் இடத்துக்கு ஏழாம் இடம், இப்படி. நாலு ஆட்டத்தை முதலில் வெல்கிறவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். எட்டு வரி, ஐந்து பேருக்கு ஐந்து நிரல். யார் வெல்வார்கள், எத்தனைக்கு எத்தனை என்று பேனையால் எழுத வேண்டும். எழுதினால் எழுதியதுதான், வெட்டக் கூடாது. ஆகக் கூடச் சரி எழுதியவருக்கு ஒரு மாதம் குளியலறை கழுவும் முறை கிடையாது. கடைசியாக வந்தவர் வென்றவருடைய முறையையும் சேர்த்துக் கழுவ வேண்டும்.

மூன்று வருடம் தொடர்ந்து நான்தான் வென்றேன். என் வழி மிகவும் எளிது. எனக்கு யாரைப் பிடிக்கும் என்று பார்க்கவே மாட்டேன். பலமான அணி வெல்லும், அவ்வளவுதான். ஆசையைக் கலந்தால் கணக்குப் பிழைக்கும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பேன். அந்த நாட்களில் என் வாய் கொஞ்சம் நீளம்.

கடைசி இடம் எப்போதும் அண்ணைக்கு. எங்களில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அண்ணை. ஏழாம் இடம், எட்டாம் இடம் என்று தேடித்தேடி எழுதுவார். "ஒருத்தரும் எழுதாட்டி அதுகள் பாவமெல்லே" என்பார். பிறகு ஒரு மாதம் பேசாமல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போவார்.

அந்த வருடம் முதல் சுற்று நடக்கும் கிழமையிலேயே அண்ணையின் வழக்கும் வந்தது. அவருடைய அகதி விண்ணப்பத்தை முதலில் மறுத்தார்கள். மீளாய்விலும் மறுத்தார்கள். இனி ஒரு நீதிபதி பார்த்து, மறுத்ததில் சட்டப்பிழை இருக்கிறது என்று சொன்னால் விண்ணப்பம் திரும்பப் போகும். இல்லாவிட்டால் ஊருக்குத்தான். ஊரில் அவரைத் தேடி வந்த ஆட்கள் இன்னும் அதே வீதியால்தான் போய்வருகிறார்கள் என்று மனைவி சொல்லியிருந்தார். வரும்போது மூன்று வயதாக இருந்த மகளுக்கு இப்போது பதினைந்து. இலவசமாக உதவிய ஒரு வழக்கறிஞர் தாள்களை எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் வழக்கு நாளான புதன்கிழமை நீதிபதியின் முன் மொழிபெயர்ப்பாளரோடு நின்று பேச வேண்டியது அண்ணைதான்.

தாள் ஏறிய சனிக்கிழமை, எட்டு வரிக்குக் கீழே அண்ணை தன் கையாலேயே ஒன்பதாவது வரியைக் கீறினார். ஒரு பக்கம் 'நான்', மறு பக்கம் 'அரசாங்கம்'. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் அண்ணை நாலுக்கு மூன்று என்று எழுதினான். மற்றவன் நாலுக்கு இரண்டு. இன்னொருவன் துணிந்து நாலுக்கு ஒன்று. அண்ணை தன் நிரலை வெறுமையாக விட்டார். "விளையாடுறவன் எழுதக் கூடாது" என்றார்.

நான் அன்று ஓவர்டைம் செய்துவிட்டுக் கடைசியாக வந்தேன். எட்டு வரியையும் நின்ற நிலையில் நிரப்பினேன். ஒன்பதாவதில் கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்: அரசாங்கம், நாலுக்குப் பூச்சியம்.

ஏன் எழுதினேன் என்று கேட்டால், என் வழி அதுதான், ஆசையைக் கலக்கவில்லை என்று அப்போது சொல்லியிருப்பேன். அது பச்சைப் பொய். எட்டு மாதத்துக்கு முன் அதே நீதிமன்றக் கட்டடத்தில் என் வழக்குத் தள்ளுபடியாகியிருந்தது. மேன்முறையீடு போட்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்படித் தோற்றவன் நான் ஒருவன்தான். அண்ணை வெல்லுவார், நான் இப்படியே கிடப்பேன் என்ற நினைப்பு வயிற்றை எரித்தது. நான் எழுதியதில் ஆசையைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை பால் எடுக்க வந்த அண்ணை தாளைப் பார்த்தார். நான் மேசையில் பாண் தின்றுகொண்டிருந்தேன்.

"உன்ர கணக்கு பிழைக்கிறேல்லையே, தம்பி" என்றார்.

பகிடிக்கு எழுதியது என்று சொல்ல வாய் வரை வந்தது. மூன்று வருடம் வகுப்பெடுத்த வாய் அல்லவா, திறக்கவில்லை. அவர் பாலை ஊற்றிவிட்டுப் போத்தலைத் திரும்ப வைத்து, கதவை மெல்லச் சாத்தினார்.

புதன்கிழமை காலை வெள்ளைச் சேட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டோம். "முடிஞ்சுது" என்றார். வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு எங்களோடேயே ஷிப்டுக்கு வந்தார்.

அடுத்த நாள் வழக்கறிஞர் எனக்கு அழைத்தார். அண்ணைக்குத் தொலைபேசியில் ஆங்கிலம் பிடிபடாது என்பதால் என் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தார். அண்ணை நீதிமன்றத்துக்கே வரவில்லை, வராதபடியால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றார் வழக்கறிஞர். எங்கள் படகில் வந்து இப்போது பிளாக்டவுனில் இருக்கும் ஒருவருக்கு, அதே காலை, அதே நீதிபதி, அதே சட்டப்பிழையைச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறாராம். அண்ணைக்கும் அப்படி நடந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம், ஆனால் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தனக்கு அனுப்பச் சொன்னார்.

அண்ணையிடம் அப்படியே சொன்னேன். அன்று லிட்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் வாங்கிலேயே குந்தியிருந்துவிட்டதாகச் சொன்னார். சிட்டிக்குப் போகும் ரயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து போயினவாம். எழும்ப மனம் வரவில்லையாம்.

"காரணம் கேக்கினம், அண்ணை."

"என்னத்தை எழுதுறது? பிரிட்ஜில போட்டிருந்தது எண்டோ?" அவர் கோபப்படவில்லை. "விடு தம்பி. நான் களைச்சுப் போனன்."

நான் எழுதியிருக்கலாம். நாலு வரி போதும்: இவரோடு ஒரே வீட்டில் இருக்கும் நான், பொறாமையில் இப்படி ஒன்றை எழுதி இவருடைய மனத்தை உடைத்தேன், அதனால்தான் இவர் வரவில்லை. அதை ஒரு நீதிபதி ஏற்றிருப்பாரோ தெரியாது. சிரித்துமிருக்கலாம். இரண்டு தரம் தொலைபேசியை எடுத்து எழுதத் தொடங்கினேன். இரண்டு தரமும் என் பெயர் எழுதும் இடத்தில் நின்றுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையும் போனது.

முதல் சுற்று முடிந்தது. அந்த வருடம் ஓர் எட்டாம் இடத்து அணி முதலாம் இடத்து அணியை வீழ்த்தியது. எங்கள் வீட்டில் அதை எழுதியிருந்தது அண்ணை மட்டும்தான். அவருக்குச் சரி வந்ததும் அது ஒன்றுதான். வழக்கம்போல அவரே சிவப்புப் பேனையை எடுத்துத் தாளைத் திருத்தினார். ஒன்பதாவது வரியை விட்டுவிடச் சொன்னோம். அவர் கேட்கவில்லை. தனக்காக எழுதிய மூன்று பேருக்கும் பிழை போட்டார். எனக்குச் சரி போட்டார்.

"இந்த முறையும் நீதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை இரண்டாம் சுற்று. அந்த எட்டாம் இடத்து அணி ஆடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள், நான் மட்டும் டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். குளியலறை என்னுடைய முறை. உள்ளே அண்ணை நிலத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஊருக்குத் திரும்பிப் போவதற்குச் சம்மதித்து அவர் கையெழுத்துப் போட்டு மூன்று நாளாகியிருந்தது.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து கேட்டார்: "தம்பி, ஆர் முன்னுக்கு?"

"உங்கட ஆக்கள்தான், அண்ணை" என்றேன்.

"ஓம், அதுகள் வெல்லட்டும்" என்றுவிட்டுத் திரும்பத் தேய்க்கத் தொடங்கினார். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.