லோரிக்குத் தமிழில் என்ன?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டாள். "அங்கிள், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" மலாயில்தான் கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமிழ் என்றேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. அவளிடம் மலாய்ப் பட அட்டைகள் இருந்தன, ஆங்கில அட்டைகள் இருந்தன, பக்கத்து அறையில் சீன அட்டைகள்கூட இருந்தனவாம். தமிழில் எதுவும் இல்லை. "பரவாயில்லை, நானே செய்துகொண்டு வருகிறேன்" என்றேன். சக்கர நாற்காலியில் இருந்த என் மனைவி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவிக்கு மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். வலக்கை தொங்கிப்போனது, பேச்சு நின்றுபோனது. கிள்ளானில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் பெரிய அண்டா வைத்துச் சமைத்துப் போட்டவள் அவள். காய்காரனையும் மீன்காரனையும் வாயாலேயே வழிக்குக் கொண்டுவந்தவள். இப்போதும் நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாய் திறக்கும், திறந்தபடியே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பது நரகம்.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அறிவியல் மேல் எனக்குப் பைத்தியம். பட்டம் வாங்கிய பைத்தியம் இல்லை. கருந்துளை, கரையான், செயற்கை நுண்ணறிவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, தமிழில் எழுதி, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ரெண்டு பேர் கட்டைவிரல் காட்டினால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிற பைத்தியம். பிறமொழிச் சொல் ஒன்றுகூட ஒட்டாமல் எழுதுவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. குழுவில் யாராவது லோரி என்று எழுதினால் 'சரக்குந்து' என்று உடனே திருத்துவேன். "உங்க சரக்குந்து ரோட்ட அடைச்சிக்கிட்டு நிக்குது, போய்த் தள்ளிட்டு வாங்க" என்று மனைவி அடுப்படியிலிருந்து கத்துவாள்.

மூளையும் மொழியும் பற்றி நான் எழுதியதுண்டு. இரண்டு மூன்று மொழி தெரிந்தவருக்கு மூளையில் அடி விழுந்தால் எல்லா மொழியும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்பதில்லை. ஒன்று முன்னால் வரலாம், இன்னொன்று பின்தங்கலாம், வராமலே போகலாம். எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எழுதியபோது அது ஒரு வேடிக்கையான செய்தி. கடைசியில் ஆச்சரியக்குறிகூடப் போட்டேன். இப்போது அதையே எடுத்துப் படித்தபோது கண் அந்த ஆச்சரியக்குறியிலேயே நின்றது. அறிவியல் அடுத்தவர் மூளையைப் பற்றிப் பேசும்வரை நன்றாகத்தான் இருக்கிறது.

தமிழ் அட்டை தேடிக் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். ஒரு கடையில் படம் போட்ட அட்டைக் கட்டு கிடைத்தது. தமிழ்நாட்டு அச்சு. மாட்டு வண்டி, ஏர், மயில், சைக்கிளில் தபால்காரர். என் மனைவி செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். மாட்டு வண்டியை அவள் எங்கே கண்டாள்? "நம்ம ஊரு சாமான் போட்டது இல்லையா, boss?" என்று கேட்டேன். "இதான் boss வருது. பிள்ளைக்கா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

நானே செய்தேன். நம் ஊர்ப் படங்களாக எடுத்து, பெரிய எழுத்தில் பெயர் போட்டு, பிளாஸ்டிக் உறை ஒட்டினேன். சந்தை. சரக்குந்து. மிதிவண்டி. குளிர்பதனப்பெட்டி. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு அவள் எதிரில் உட்காருவேன். அவள் லாரிப் படத்தைப் பார்ப்பாள். கண் மின்னும். உதடு குவியும். "லோ..." என்பாள்.

"லோ இல்லம்மா. ச. சரக்குந்து. சொல்லு, ச..."

கண் அணைந்துவிடும். மறுபடி அட்டையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில நாள் எனக்குக் கோபம் தலைக்கேறி அட்டையை மேசையில் அறைந்திருக்கிறேன். அவள் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் மலாய் அட்டைகளைக் காட்டினாள். சந்தைப் படத்துக்கு என் மனைவி மெல்ல, திக்கித் திக்கி, "பாசார்" என்றாள். லாரிக்கு "லோரி" என்றாள். அந்தப் பெண் கைதட்டினாள். "அங்கிள், ஆன்டிக்கு மலாய் வருகிறது! வீட்டிலும் மலாயிலேயே பேசிப் பாருங்கள்."

அன்று கார் நிறுத்துமிடத்தில் மனைவியை முன் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, சக்கர நாற்காலியை மடக்குகிற சாக்கில் பின்னால் நின்று அழுதேன். மலாய் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆபீசில் நாள் முழுக்க அதில்தான் என் பிழைப்பு. ஆனால் இவள் என்னைத் திட்டியது தமிழில். கொஞ்சியது, சலித்துக்கொண்டது, என் எழுத்தைக் கிண்டல் செய்தது எல்லாம் தமிழில். இனி என் வீட்டில் என் மனைவி கவுண்டரில் நிற்கிறவரிடம் கேட்பதுபோல என்னிடம் தண்ணீர் கேட்பாளா? அப்படிக் கேட்டாலும் போதும் என்று ஒரு மனம் சொன்னது. போதாது என்று இன்னொன்று கத்தியது.

என் பொறுமை மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டதால் இயந்திரத்தைப் பிடித்தேன். பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கும் செயலி ஒன்றை போனில் போட்டு, தமிழ் என்று தேர்ந்தெடுத்து, அவள் பக்கத்தில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இடக்கையை வாசல் பக்கம் நீட்டி ஏதோ சொன்னாள். நான் எப்போதும்போலப் பாதியைத் தவறவிட்டேன். திரையைப் பார்த்தேன். 'பாசறைக்கு' என்று இருந்தது.

சிரிப்பு வந்துவிட்டது. பாசறை என்றால் அந்தக் காலத்துப் போர்ப்படை முகாம். இவள் எந்தப் போருக்குப் போகிறாள்? பாசார் என்ற சொல் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, தெரிந்ததில் ஒன்றைப் பிடித்து எழுதிவிட்டது. சிரித்தபடி அழிக்கப் போனவன் விரலை எடுத்தேன். பாசறை அது போட்டது. 'க்கு'? அதை அது கேட்டிருக்கிறது. மலாயில் 'க்கு' கிடையாது. 'கெ பாசார்' என்று முன்னால்தான் ஒன்று வரும். அவள் சொன்னது பாசாருக்கு.

செமினியில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா பாசாருக்குன்னு சொன்னா. அது மலாயா, தமிழா?"

"என்ன கேள்விப்பா இது? அம்மா எப்பவுமே அப்படித்தானே சொல்வாங்க. சந்தைக்குப் போறேன்னு என்னைக்குச் சொல்லியிருக்காங்க?"

'சந்தை' அட்டையைக் கையில் எடுத்தேன்.

"உங்க கார்டெல்லாம் பார்த்தா எனக்கே வாய் வராது லா ப்பா. குளிர்... என்னமோ பெட்டி. அம்மா பாவம்பா."

போனை வைத்துவிட்டு அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலந்தோறும் அவள் தன் தமிழைத்தான் எடுத்து நீட்டியிருக்கிறாள். நான் அதை வாசலிலேயே மடக்கி, நீ எந்த ஊர், தாள் எங்கே என்று கேட்டிருக்கிறேன். மூளைக்குள் சொற்களுக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது. லோரி அங்கே பிள்ளைப் பருவத்திலிருந்து குடியிருக்கிறது. சரக்குந்துதான் வெளியூர். இத்தனை படித்தும் இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த முறை போனபோது பயிற்சிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கறையாகக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நல்ல செய்திதான் அங்கிள். ஆனால் சொல் வருவது வேறு, வாக்கியம் வருவது வேறு. சிலருக்கு ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்."

அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு வாக்கியம். எழுவாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வினைமுற்று வந்தால் போதும். சாப்பிடும்போதும், துணி மாற்றிவிடும்போதும், கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப்போகும்போதும் அவள் வாயையே பார்த்தேன். இது என்ன, அது என்ன, சொல்லு, இன்னொரு தடவை சொல்லு. குழுவில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் அவள் வெங்காயக் கூடையைக் கை காட்டினாள். மேசையில் வைத்தேன். சைகையால் கத்தி கேட்டாள், தரவில்லை. இடக்கையால் ஒரு வெங்காயத்தை அமுக்கிப் பிடித்து நகத்தால் தோலைக் கிள்ளப் பார்த்தாள். அது வழுக்கி உருண்டது. மறுபடி பிடித்தாள், மறுபடி உருண்டது. அண்டா அண்டாவாகக் கிளறிய தோள் குலுங்கியது. நான் போனைப் பிடித்துப் பதிவு செய்துகொண்டே, "இது என்ன? சொல்லும்மா, என்ன இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் வெங்காயத்தை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு ரொம்ப நேரம் நடுங்கியது.

"சூசாவா..." என்றாள். பிறகு, "சூசாவா இருக்கு."

நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டேன். சூசா மலாய். சரி, இருக்கட்டும். 'ஆ' தமிழ். 'இருக்கு' தமிழ். நிகழ்காலம், வினைமுற்று, முழு வாக்கியம்! உடனே மகளை அழைத்தேன். "அம்மா வாக்கியம் பேசிட்டா! தமிழ்ல! முழுசா!"

"நெசமாவாப்பா?" அந்தப் பக்கம் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "என்ன சொன்னாங்க?"

கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னாள். என் மனைவி என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதைத்தான்.

"அப்பா? சொல்லுங்கப்பா, அம்மா என்ன சொன்னாங்க?"

வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.