செரூட்டுக்காரரும் அம்மாவின் சுருட்டும்

பாலக்காட்டு ரயிலில் எதிரே இருந்த கனவான் பற்றவைத்த சுருட்டின் வாடை என்னை நான் சிறுமியாக வளர்ந்த சாந்தன்பாறை ஏலக்காட்டுக்கே இழுத்துப்போனது. "செரூட்டுங்க, இங்கிலீஷ்காரன் கண்டுபிடிச்சது" என்று அவர் பீற்றிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. இலையைச் சுருட்டுவதால் சுருட்டு. அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் செரூட் என்று சொல்லிக்கொண்டான்.

மழை ஓயாத அந்தக் காட்டில், ஈரச் சருகு நாற்றத்துக்கு நடுவே, ஏலக்காய் பறித்தபடியே அம்மா ஒரு சுருட்டைக் கங்கு அணையாமல் வாயில் வைத்திருப்பாள். என் காலில் ஏறும் அட்டைகளை அந்தச் சுருட்டு நெருப்பால் ஒவ்வொன்றாகச் சுட்டு உதிர்ப்பாள். தோட்டத்துத் துரையும் வாயில் சுருட்டோடுதான் குதிரையில் வருவார். அவர் தலை தெரிந்ததுமே கங்காணி, "ஏ புள்ள, தொரை முன்னால பொம்பள பொகைக்கலாமா, தூரப் போடு" என்று அதட்டுவார். அம்மா சுருட்டை மிதித்து அணைப்பாள். துரை போகும்வரை அட்டைகள் என் காலில் நிம்மதியாகக் குடிக்கும்.

இதையெல்லாம் கனவானிடம் சொல்லி, அந்தச் சொல்லே நம்முடையது என்றேன். அவர் முகம் சுளித்தார்.

"ஏனுங்கம்மா, பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இந்தச் சுருட்டுப் பேச்சு?"

என்னைக் கண்டிக்கும்போது மட்டும் அவருக்கும் அது சுருட்டாகிவிட்டது.