மூஞ்சி இல்லாத போட்டோ

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி என்னை உற்றுப் பார்த்தார்.

“எனக்குக் கல்யாணமான புதுசுல எங்க ஊர்ல போட்டோ கிளாஸ் எடுத்த சார்தானே நீங்க?”

ஆமாம், எண்பதுகளில். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கும் அவர் கைகளை மட்டும் படமெடுத்து, திருவண்ணாமலையில் வைத்த கண்காட்சியில் மாட்டியிருந்தேன்.

“எங்க வீட்டாளுங்கெல்லாம் புதுப்புடவை கட்டிக்கினு என்னை போட்டோவுல பாக்க வந்தாங்க சார். மூஞ்சியே இல்ல. எவ கையோன்னு மாமியார் திரும்பிப் போயிட்டாங்க.”

“அது கலைம்மா. கையே பேசும்” என்றேன், அன்று வகுப்பில் சொன்ன அதே குரலில்.

அவர் போனை எடுத்தார். நிதானமாகக் குறிபார்த்து, என் செருப்பை மட்டும் படம் பிடித்தார்.

“பேத்திக்குக் காட்டறேன், எனக்கு போட்டோ சொல்லிக்குடுத்த சார் இவர்தான்னு.”

அந்தப் படத்தை அவரிடம் வாங்கி இந்தப் பதிவின் கீழே போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லுங்கள்.